ரூடால்ஃப் டீசல்: சோதனையில் ஜெயித்த இன்ஜின் சாலையில் மாட்டிக்கொண்டது ஏன்?

2016-ல் ஜெர்மனியில் லட்சக்கணக்கான டீசல் கார் உரிமையாளர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. காரின் புகைக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும், சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும், செலவு கம்பெனியுடையது என்பதுதான் விஷயம். இலவசம்தானே, போய்விட்டு வந்தால் ஆச்சு என்று தோன்றும். ஆனால், நிறைய பேர் தயங்கினார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது, மைலேஜும் குறைவில்லை. கை வைத்தால் இரண்டும் கெட்டுவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயம் வீண் பயமா? இதைப் புரிந்துகொள்ள, அந்த இன்ஜினை உருவாக்கியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. டீசல் என்பது பங்க்கில் எழுதியிருக்கும் எரிபொருளின் பெயராக மாறுவதற்கு முன்னால், ஒரு மனிதரின் குடும்பப் பெயராக இருந்தது.

யார் இந்த டீசல்?

ரூடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பம். அப்பா தியோடர் புத்தக பைண்டிங் வேலை செய்தவர். தோல் பொருட்களும் செய்து விற்றார். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதானது. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே பிழைப்பே பெரும்பாடு. 12 வயது ரூடால்ஃபை மட்டும் அப்பாவின் சொந்த ஊரான ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த உறவினர் கணித ஆசிரியர்.

பையன் படிப்பில் கெட்டி. உதவித்தொகையோடு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர், குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்போன கார்ல் ஃபொன் லிண்டே. நீராவி இயந்திரத்தில் நிலக்கரியின் வெப்பம் எவ்வளவு வீணாகிறது என்பதை லிண்டேயின் வகுப்பில்தான் டீசல் தெரிந்துகொண்டார். பத்து ரூபாய்க்கு எரிபொருள் போட்டால் ஒரு ரூபாய்க்குத்தான் வேலை நடக்கிறது, மிச்சம் ஒன்பது ரூபாய் வெப்பமாகப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு அந்த மாணவரை வாழ்நாள் முழுக்கத் தூங்கவிடவில்லை.

1879-ல் டைஃபாய்டு வந்ததால் இறுதித் தேர்வைத் தவறவிட்டார். 1880 ஜனவரியில் எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்களோடு தேறினார். பிறகு லிண்டேயின் நிறுவனத்துக்காக பாரிஸில் ஐஸ் ஃபேக்டரி வேலை. மீதி நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. அம்மோனியா ஆவியில் ஓடும் ஒரு இன்ஜினைச் சோதித்தபோது அது வெடித்து, பல மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனாலும் விடவில்லை.

அவர் யோசனையில் என்ன புதுசு?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். டீசலின் யோசனைக்கு அடிப்படை இதுதான். சிலிண்டருக்குள் வெறும் காற்றைப் பலமாக அழுத்த வேண்டும். அது கொதிக்கக் கொதிக்கச் சூடான நேரத்தில் எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும். தீப்பொறி எதுவும் தேவையில்லாமல் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் இவ்வளவு அழுத்த முடியாது. எரிபொருள் கலந்த காற்று நேரம் தவறி வெடித்துவிடும். அதிகம் அழுத்த முடிவதால்தான் டீசல் இன்ஜின் அதே வெப்பத்திலிருந்து கூடுதல் வேலையை எடுக்கிறது. இன்றைக்கு டீசல் கார்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மைலேஜின் ரகசியம் இவ்வளவுதான்.

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-ல் அது கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன. 1893 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் சோதனையில் எரிபொருள் பற்றிக்கொண்டது. கூடவே அழுத்தத்தை அளக்கும் கருவியும் வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் முதல்முறையாகச் சொந்த பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம்.

சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாக அளந்து பார்த்தார். எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி இயந்திரங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய பாய்ச்சல். உலகம் முழுக்க உரிமம் வாங்கப் போட்டி. அமெரிக்க உரிமைக்கு மட்டும் மதுபான அதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்தார். ஐஸ் ஃபேக்டரி இன்ஜினியர் கோடீஸ்வரர் ஆகிவிட்டார்.

விற்ற இன்ஜின்களுக்கு என்ன ஆச்சு?

சோதனைக்கூடத்தில் இன்ஜினைச் சுற்றித் தேர்ந்த பொறியாளர்கள் நின்றார்கள். சத்தம் மாறினால் போதும், உடனே கவனிப்பார்கள். வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் அப்படி யார் இருப்பார்கள்?

முதல் இன்ஜின்களில் ஒன்று கெம்ப்டன் ஊரில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனது. தீக்குச்சியே தேவைப்படாத இன்ஜினைத் தீப்பெட்டிக் கம்பெனி வாங்கியது வேடிக்கைதான். ஆனால், அங்கே நடந்தது வேடிக்கையாக இல்லை; ஓயாமல் பழுது. மற்ற இடங்களிலும் இதே கதை. அந்த அழுத்தத்தைத் தாங்கும் துல்லியத்தோடு பாகங்களைச் செய்யப் பல தொழிற்சாலைகளுக்குத் தெரியவில்லை. எரிபொருளைப் பீய்ச்ச உதவும் காற்றழுத்தக் கருவியும் வால்வுகளும் அடிக்கடி மக்கர் செய்தன. இன்ஜின்கள் திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 26.2 என்ற எண் பொய்யில்லை. ஆனால், அது சோதனைக்கூடத்து எண்.

அதே சமயத்தில் காப்புரிமை வழக்குகள் வேறு. 1898-ல் டீசல் நரம்புத் தளர்ச்சியோடு சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் படுத்திருந்தபோதும் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலைக்காரர்கள் கைவிடவில்லை. இமானுவேல் லவுஸ்டர் போன்ற பொறியாளர்கள் பழுதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வருடக்கணக்கில் மெனக்கெட்டுச் சரிசெய்தார்கள். டீசல் இன்ஜின் பிழைத்தது அப்படித்தான்.

1900 பாரிஸ் கண்காட்சியில் இன்ஜினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கே வைத்திருந்த ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் இன்ஜினோடு பெருங்கடல் பயணம் போனது. இன்ஜின் ஜெயித்துவிட்டது. மனிதர் தோற்றுக்கொண்டிருந்தார். நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்ட முதலீடு கரைந்துபோனது. மியூனிக்கில் மாளிகை இருந்தது. வங்கிக் கணக்கில் பணம் இல்லை.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். இரவுச் சாப்பாடு முடிந்து அறைக்குப் போனார். காலையில் ஆளைக் காணோம். சில நாட்கள் கழித்துக் கடலில் மிதந்த ஒரு உடலை டச்சுப் படகு ஒன்று கண்டது. அதிலிருந்து எடுத்த பொருட்கள் அப்பாவுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. கடன் நெருக்கடி மட்டும் ஆவணங்களில் தெளிவாகத் தெரிகிறது.

காருக்குள் எப்போது வந்தது?

அவர் கண்முன்னால் டீசல் கார் ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. அந்தக் கால இன்ஜின்கள் அவ்வளவு கனம். 1927-ல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே இன்ஜின் சிறுத்தது. 1936-ல் மெர்சிடஸ் பென்ஸ் 260 டி வந்தது.

அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படாத ஒரு சிக்கல் இன்ஜினுக்குள்ளேயே இருந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் அது சும்மா இருக்கும். சிலிண்டருக்குள் எரியும் கடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறும். நுரையீரலைப் பாதிக்கும், ஓசோன் புகைமூட்டத்துக்கும் காரணமாகும் வாயு இது. அதாவது, மைலேஜ் கொடுக்கும் அதே அழுத்தமும் வெப்பமும்தான் மாசையும் கொடுக்கின்றன. ரெண்டும் ஒரே அடுப்பில் வேகிறது.

2015 செப்டம்பரில் வெளியான ஃபோக்ஸ்வாகன் மோசடி இந்த இடத்தில்தான் நடந்தது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்கள். சோதனை நடக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதை சாஃப்ட்வேரே கண்டுபிடித்தது. சோதனை என்றால் மாசைக் குறைக்கும். சாலை என்றால் கட்டுப்பாட்டைத் தளர்த்தும். அமெரிக்காவில் சில கார்கள் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடை வெளியிட்டன. டீசலின் காலத்தில் சோதனைக்கும் சாலைக்கும் இருந்த இடைவெளி அறியாமையால் வந்தது. 2015-ல் அந்த இடைவெளியைத் திட்டமிட்டு எழுதியிருந்தார்கள்.

ரீகாலில் என்ன செய்தார்கள்?

பெரும்பாலான கார்களுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் மட்டும். 1.6 லிட்டர் இன்ஜினுக்குக் கூடுதலாக, காற்று அளக்கும் சென்சாருக்கு முன்னால் வலை வைத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி சிலிண்டருக்குள் விட்டால் எரியும் வெப்பம் குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். ஆனால், கரி கூடும். அந்தக் கரி வால்விலும் ஃபில்டரிலும் படியும். உரிமையாளர்களின் பயத்துக்கு அடிப்படை இதுதான். அப்டேட்டுக்குப் பிறகு வண்டி இழுக்கவில்லை, வால்வு பழுதானது என்று ஐரோப்பாவில் புகார்கள் எழுந்தன. சரிசெய்த கார்களின் குறிப்பிட்ட பாகங்கள் பழுதானால் இரண்டு ஆண்டுகள் வரை கவனித்துக்கொள்வதாக 2017-ல் நிறுவனம் சொல்ல நேர்ந்தது.

அதோடும் முடியவில்லை. புதிய சாஃப்ட்வேர் 15 முதல் 33 டிகிரி வரையிலான வெப்பநிலையில்தான் முழுக் கட்டுப்பாட்டையும் செயல்படுத்தியது. ஐரோப்பியக் குளிரில் இது எந்த மூலைக்கு? இதுவும் சட்டவிரோத ஏமாற்றுச் சாதனமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் செய்யலாமா, வேண்டாமா?

ஜெர்மனியில் கேள்விக்கே இடமில்லை. அரசு போக்குவரத்து அமைப்பு ரீகாலைக் கட்டாயமாக்கியது. அப்டேட் செய்யாத காரின் பதிவே பறிபோகலாம். இந்தியாவில் 2015 டிசம்பரில் சுமார் 3.23 லட்சம் கார்களுக்கு ஃபோக்ஸ்வாகன் குழுமம் ரீகால் அறிவித்தது. கட்டாயம் இல்லாத இடங்களில் முடிவு உரிமையாளர் கையில்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும். செய்தால் வரக்கூடிய சிரமம் உங்களுக்கு: கொஞ்சம் மைலேஜ், ஒருவேளை வால்வு செலவு. செய்யாவிட்டால் வரும் சிரமம் பின்னால் ஆட்டோவில் வருபவருக்கும் சிக்னலில் நிற்கும் குழந்தைக்கும். குறையோடு விற்றது கம்பெனி. அதன் விலையை அவர்கள் மூச்சில் வசூலிப்பது நியாயமில்லை. அரைகுறைத் தீர்வாக இருந்தாலும், பழைய ஏமாற்று சாஃப்ட்வேரைவிட அது மேல். அதனால் செய்துகொள்வதே சரி. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம்.

போவதற்கு முன் சில வாரங்கள் மைலேஜைக் குறித்துவையுங்கள். என்ன மாற்றுகிறார்கள், பிறகு பழுது வந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வண்டியை விற்கும்போதும் அது உதவும். பிறகு மைலேஜோ, ஓட்டமோ மாறினால் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கெம்ப்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையும் மற்ற முதல் வாடிக்கையாளர்களும் பழுதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், டீசலின் இன்ஜின் அன்றைக்கே காயலாங்கடைக்குப் போயிருக்கும். குறையைச் சொல்லி இன்ஜினைத் திருப்பி அனுப்பியவர்களாலும், உட்கார்ந்து சரிசெய்தவர்களாலும்தான் அது நிலைத்தது.