மண்ணீரலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்

கிள்ளானுக்குக் கொமுட்டரில் போய் வரும் நம்மில் எத்தனை பேர் மால்கம் வாட்சனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம்? தமிழ்ப்பள்ளியிலும் சரி, இடைநிலைப்பள்ளியிலும் சரி, எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால், நம் தோட்டப் பரம்பரையின் உயிரோடு பின்னியது அவர் வாழ்க்கை.

1873-இல் பிறந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர், 1901 சனவரியில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஊரே மலேரியாவால் நடுங்கிக் கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பினார். காட்டை வெட்டினார், வாய்க்கால் தோண்டிச் சதுப்பு நீரை வடித்தார். மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகள் கிள்ளானில் 1901-இல் 334 பேர், 1903-இல் 48 பேர். துறைமுகத்தில் 188 என்பது 21 ஆனது.

அடுத்து அவர் கவனம் ரப்பர் தோட்டங்களின் பக்கம் திரும்பியது. அங்கே அவருடைய அளவுகோல் குழந்தைகளின் மண்ணீரல். நம் பிள்ளைகளின் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்ப்பார். நலமான மண்ணீரல் பொதுவாகக் கைக்குத் தட்டுப்படாது, வீங்கியது தட்டுப்படும். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்பதே அந்தத் தோட்டத்தின் மலேரியாக் கணக்கு.

ஏன் வீங்குகிறது? இன்று ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகளுக்கு மலேரியாவை உண்டாக்கிப் பார்க்கிறார்கள். மண்ணீரலிலுள்ள விழுங்கு அணுக்கள், கிருமி புகுந்த சிவப்பணுக்களை வடிகட்டி விழுங்குகின்றன. டி அணுக்கள் தூண்ட, பி அணுக்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. அணுக்கள் பெருகப் பெருக உறுப்பும் பெருக்கிறது. மண்ணீரலை அகற்றிய எலிகள் பல வேளைகளில் நோயை அடக்க முடியாமல் திணறுகின்றன. ஆக, லயன் வீட்டுப் பிள்ளையின் வயிற்றில் வாட்சனின் விரல் தொட்டது ஒரு போர்க்களத்தை!

மலைப்பாங்கான தோட்டங்களில் அவருடைய பழைய வைத்தியம் பலிக்கவில்லை. ஓடைக்கரைக் காட்டை அழித்ததும் காய்ச்சல் கூடியது. என் பார்வையில் அவருடைய பெருமை இங்கேதான் தொடங்குகிறது. முறை சரி, ஆட்கள்தான் சரியில்லை என்று அவர் தப்பித்துக் கொள்ளவில்லை. கொசு வேறு என்று கண்டார். கடலோரத்து அனாபிலிஸ் அம்புரோசஸ் நிழலான சதுப்பில் வளர்வது. மலையோரத்து அனாபிலிஸ் மாகுலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. நிழலை நீக்கியது இரண்டாவதற்கு விருந்து வைத்தது போலாயிற்று! பிறகு, ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்டார். எண்ணெய் தெளிக்கச் செய்தார். சுபாங் பக்கத்துச் சீஃபீல்டு தோட்டம் அவருடைய முக்கியச் சோதனைக்களங்களுள் ஒன்று.

தோட்ட முதலாளிகள் இதற்குப் பணம் கொடுத்தது கருணையால் மட்டுமன்று. ஆள் செத்தால் பால்வெட்டு நின்றுவிடும். மண்வெட்டி பிடித்தவர்களில் நம்மவர் ஏராளம். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை; வாட்சனுக்கு 1924-இல் சர் பட்டம் கிடைத்தது.

1928-இல் மலாயாவை விட்டுச் சென்ற அவர், வட ரொடீசியாவின் (இன்றைய சாம்பியா) தாமிரச் சுரங்கங்களிலும் மலேரியா ஒழிப்பை வழிநடத்தி, 1955-இல் காலமானார். சீஃபீல்டில் இன்று ரப்பர் மரமும் இல்லை, லயன் வீடும் இல்லை, வீடமைப்புப் பகுதிகள்தாம்.