ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க்

ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் (ஜூன் 1, 1863 - டிசம்பர் 16, 1916) ஜெர்மனியில் கல்வி கற்று அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளரும் மெய்யியலாளரும் ஆவார். சாட்சியின் நினைவு, குற்ற ஒப்புதலின் நம்பகத்தன்மை, மறைக்கப்பட்ட எண்ணங்களைக் கண்டறிதல் ஆகியவற்றை ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்றும், அதன் முடிவுகளுக்கு நீதிமன்றங்கள் செவிசாய்க்க வேண்டும் என்றும் வாதிட்டவர். இன்று தடயவியல் உளவியல் எனப்படும் துறையின் தொடக்கத்தை, 1908 இல் வெளிவந்த இவரது ஆன் தி விட்னஸ் ஸ்டாண்டு (சாட்சிக் கூண்டில்) என்னும் நூலுடன் இணைத்துக் கூறுவது வழக்கம். தொழிலக உளவியலிலும் திரைப்படக் கோட்பாட்டிலும் இவருக்கு முன்னோடி இடம் உண்டு.

பிறப்பும் இளமையும்

பால்டிக் கடலோரத் துறைமுக நகரான டான்சிக்கில் (இன்று போலந்து நாட்டின் கிடான்ஸ்க்) ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மோரிட்ஸ் ஒரு வணிகர். தாய் அன்னா ஓவியம் வரைபவர். நான்கு ஆண்மக்களுள் இவர் மூன்றாமவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக் கல்வி முடியும் முன்னரே தந்தையும் மறைந்தார். 1882 இல் பள்ளிப் படிப்பை முடித்து, சில காலம் ஜெனீவாவில் தங்கிய பின் மருத்துவம் பயில லைப்சிக் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

முனைவர் பட்டப் பயிற்சி

1883 இல் வில்கெல்ம் வுண்ட்டின் விரிவுரைகளைக் கேட்டது இவரது வாழ்க்கையைத் திசை திருப்பியது. வுண்ட் 1879 இல் லைப்சிக்கில் நிறுவிய ஆய்வகமே உலகின் முதல் உளவியல் ஆய்வகமாகக் கருதப்படுகிறது. அங்கே ஒரு விளக்கு ஒளிர்ந்தது முதல் விரல் விசையை விடுவிப்பது வரை கடக்கும் நேரத்தை, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் கிப் காலமானியால் அளந்தனர். மாணவர்களே ஒருவர் மாற்றி ஒருவர் சோதனை செய்பவராகவும் சோதிக்கப்படுபவராகவும் அமர்ந்தனர். மனத்தில் நிகழ்வதைக் காலத்தால் அளக்க முடியும் என்ற இந்தப் பயிற்சியே, இருபது ஆண்டுகளுக்குப் பின் இவர் ஒரு கொலையாளியின் எதிரில் கருவிகளுடன் அமர்ந்தபோது கைகொடுத்தது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் விரைவிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. ஒன்றைச் செய்ய விரும்பும் உணர்வு மனத்தின் நேரடி அனுபவம் என்பது வுண்ட்டின் கொள்கை. அது தசைகளிலிருந்து வரும் புலனுணர்வுகளின் தொகுப்பே அன்றித் தனியான ஒன்றன்று என்றார் மூன்ஸ்டர்பெர்க். இயற்கைத் தகவமைவுக் கோட்பாட்டைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1885 இல், தம் 22 ஆம் வயதில், முனைவர் பட்டம் பெற்றார். விருப்பச் செயல் குறித்த தம் கருத்தை அவர் கைவிடவில்லை. 1888 இல் அதைத் தனி நூலாகவே வெளியிட்டார்.

முனைவர் பட்டத்துடன் இவர் நிற்கவில்லை. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து 1887 இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். ஆய்வக முறையில் ஒரு பட்டம், நோயாளிகளைக் காணும் தகுதியில் இன்னொன்று என்னும் இந்த இரட்டைப் பயிற்சி குறிப்பிடத்தக்கது. ஒருவரது மனநிலை பற்றி நீதிமன்றத்தில் கருத்துரைக்க வருபவரிடம் ஆராய்ச்சித் திறனும் மருத்துவமனை அனுபவமும் பிற்காலத்தில் எதிர்பார்க்கப்பட்டன. சட்டம் என்னும் மூன்றாவது பாடம் மட்டும் இவரது பயிற்சியில் இடம்பெறவில்லை. அக்குறை பின்னர் வெளிப்பட்டது.

ஃபிரைபர்க்கிலிருந்து ஹார்வர்டுக்கு

1887 இல் செல்மா ஓப்லரை மணந்தார். இவர்களுக்கு இரு பெண்மக்கள். அவ்வாண்டே ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கு உளவியல் ஆய்வகம் இல்லாததால், தம் வீட்டிலேயே சொந்தச் செலவில் ஒன்றை அமைத்தார். 1889 இல் பாரிசில் நடந்த முதலாவது அனைத்துலக உளவியல் மாநாட்டில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸைச் சந்தித்தார். வுண்ட் ஏற்காத கருத்துகள் ஜேம்ஸைக் கவர்ந்தன. 1892 இல் ஜேம்ஸின் அழைப்பில் ஹார்வர்டு உளவியல் ஆய்வகத்தின் பொறுப்பை மூன்றாண்டுகளுக்கு ஏற்றார். 1895 இல் நாடு திரும்பி, 1897 இல் நிலையாக ஹார்வர்டுக்கே வந்து சேர்ந்தார். 1898 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார்.

மேரி விட்டன் கால்கின்ஸும் மறுக்கப்பட்ட பட்டமும்

ஹார்வர்டில் இவரது முதல் மூன்றாண்டுகளில் நிகழ்ந்த ஒன்று, முனைவர் பயிற்சியின் வரலாற்றில் தனியாகக் குறிப்பிட வேண்டியது. வெல்லஸ்லி கல்லூரி ஆசிரியை மேரி விட்டன் கால்கின்ஸ், நினைவில் தொடர்புகள் எவ்வாறு உருவாகின்றன என்பது பற்றி மூன்ஸ்டர்பெர்க்கின் ஆய்வகத்தில் ஆராய்ந்தார். ஹார்வர்டு அப்போது பெண்களை மாணவராகப் பதிவு செய்வதில்லை. இவர் விருந்தினராகவே அனுமதிக்கப்பட்டார். இவரை முனைவர் பட்டத்துக்கு ஏற்குமாறு மூன்ஸ்டர்பெர்க் நிர்வாகத்துக்கு எழுதினார், பலன் இல்லை. 1895 மே மாதம் பேராசிரியர்கள் தாமே முறைசாராத் தேர்வு ஒன்றை நடத்தி, கால்கின்ஸ் எல்லாத் தகுதிகளையும் நிறைவு செய்தார் என அறிவித்தனர். நிர்வாகம் அதன் பின்னரும் மறுத்தது. பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரியின் பெயரில் பட்டம் தர 1902 இல் முன்வந்தபோது, தாம் பயின்றது ஹார்வர்டில் என்பதால் கால்கின்ஸ் அதை ஏற்கவில்லை. பட்டம் இல்லாமலேயே 1905 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

சாட்சிக் கூண்டில்

சாட்சிக் கூண்டில் நூல், இதழ்களில் வந்த கட்டுரைகளின் தொகுப்பு, பொதுமக்களுக்காக எழுதப்பட்டது. அதில் ஒரு மோட்டார் வாகன விபத்து வழக்கு வருகிறது. சாலை காய்ந்து புழுதியாக இருந்தது என்கிறார் ஒரு சாட்சி. மழையில் சேறாக இருந்தது என்கிறார் மற்றவர். வண்டி மெதுவாக வந்தது என்பவர் ஒருவர்; அத்தனை வேகத்தைத் தாம் கண்டதே இல்லை என்பவர் இன்னொருவர். இருவருக்கும் பொய் சொல்லக் காரணம் ஏதும் இல்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் நிகழும் ஒரு பேருந்து விபத்தை எண்ணினால் இது எளிதில் விளங்கும். தேநீர்க் கடையில் நின்றவர் மோதிய ஓசை கேட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் கண்ணில் பட்டது விபத்துக்குப் பிந்தைய காட்சி. ஆனால் இழப்பீட்டு வழக்கில் அவரிடம் கேட்கப்படுவது விபத்துக்கு முந்தைய வேகம். இடைவெளியை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. நிரப்பியதை அவர் அறிவதில்லை.

பெர்லினில் சட்டப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட் தம் வகுப்பில் நடத்திய புகழ்பெற்ற சோதனையையும் இந்நூல் விவரிக்கிறது. இரு மாணவர்கள் சண்டையிட்டு ஒருவர் துப்பாக்கியை எடுப்பது போல முன்கூட்டியே ஒத்திகை பார்த்து நடிக்கப்பட்டது. நடிப்பு என்றறியாத மற்ற மாணவர்கள் எழுதிய அறிக்கைகளில், மிகச் சிறந்ததிலேயே 26 விழுக்காடு பிழை இருந்தது; மிக மோசமானதில் 80 விழுக்காடு.

நூலின் வலிமையான பகுதி இவர் தம்மையே சோதனைப் பொருளாக்கியதுதான். குடும்பத்துடன் கடற்கரைக்குச் சென்றிருந்தபோது இவரது வீட்டில் திருட்டு நடந்தது. வழக்கில் இவர் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். திருடர்கள் நிலவறைச் சன்னல் வழியே நுழைந்ததாகவும், இரண்டாம் தளத்தில் மெழுகுவர்த்திச் சொட்டுகளைக் கண்டதாகவும், மேசைக் கடிகாரம் காகிதத்தில் சுற்றப்பட்டிருந்ததாகவும் கூறினார். சில நாட்களில் அத்தனையும் தவறெனத் தெரிந்தது. அவர்கள் கதவை உடைத்தே நுழைந்தனர். மெழுகு பரணில் கிடந்தது. கடிகாரம் மேசை விரிப்பில் சுற்றப்பட்டிருந்தது. நினைவாற்றலில் குறையில்லாத, பொய் சொல்லும் நோக்கமும் இல்லாத ஒரு உளவியல் பேராசிரியரின் சாட்சி அது.

ஐவன்ஸ், ஆர்ச்சர்டு வழக்குகள்

1906 இல் சிகாகோவில் பெஸ்ஸி ஹாலிஸ்டர் என்ற பெண் கொலை செய்யப்பட்ட வழக்கில், உடலைக் கண்டு தெரிவித்த ரிச்சர்டு ஐவன்ஸ் என்ற இளைஞரே குற்றவாளி ஆனார். காவல்துறையின் நீண்ட விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பின்னர் மறுத்தார். கொலை நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்ததாகவும் சாட்சிகள் இருந்தன. ஆவணங்களைப் படித்த மூன்ஸ்டர்பெர்க், அந்த ஒப்புதல் அழுத்தத்தால் மனத்தில் ஊன்றப்பட்டது என்றும் ஐவன்ஸ் குற்றமற்றவர் என்றும் கடிதம் எழுதினார். அது செய்தித்தாள்களுக்குப் போனதும், ஹார்வர்டு பேராசிரியர் சிகாகோ நீதிமன்றத்துக்குப் பாடம் நடத்துவதா என்று கண்டனம் எழுந்தது. 1906 ஜூன் 22 இல் ஐவன்ஸ் தூக்கிலிடப்பட்டார். அழுத்தத்தால் பிறக்கும் பொய்யான ஒப்புதல் என்பது இன்று உளவியலில் நன்கு நிறுவப்பட்ட நிகழ்வு. அன்று அதைக் கேட்பார் இல்லை.

அடுத்த ஆண்டில் நடந்ததைப் பாராட்ட முடியாது. ஐடஹோ மாநில முன்னாள் ஆளுநர் ஃபிராங்க் ஸ்டூனன்பெர்க்கைக் குண்டு வைத்துக் கொன்ற ஹாரி ஆர்ச்சர்டு, தம்மை ஏவியவர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள் என்றார். தலைவர்களுள் ஒருவரான பில் ஹேவுட் 1907 இல் விசாரிக்கப்பட்டார். அப்போது பாய்சி நகருக்குச் சென்ற மூன்ஸ்டர்பெர்க், சிறையில் ஆர்ச்சர்டைப் பல மணி நேரம் சோதித்தார். ஒரு சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் சொல்லையும் அதற்கான காலத்தாழ்வையும் அளக்கும் சொல் தொடர்புச் சோதனை அவற்றுள் முதன்மையானது. ஆர்ச்சர்டு உண்மையே பேசுகிறார் என்று முடிவு செய்து, தீர்ப்பு வரும் முன்பே, திரும்பும் வழியில் ஒரு செய்தியாளரிடம் அதைக் கூறிவிட்டார். ஓர் உயிர் ஊசலாடும் வழக்கில் இது பெரும் தவறு. சிகாகோ நடுவர் குழு ஓர் ஒப்புதலை எளிதில் நம்பியது என்று குறை கூறியவர், இங்கே இன்னோர் ஒப்புதலைத் தம் சோதனையை மட்டும் வைத்து நம்பினார். ஜூலை 28 இல் ஹேவுட் விடுதலை செய்யப்பட்டார்.

விக்மோரின் மறுப்பு

சாட்சியச் சட்டத்தில் அமெரிக்காவின் முதன்மை அறிஞராக விளங்கிய ஜான் ஹென்றி விக்மோர், 1909 இல் ஒரு கற்பனை வழக்கின் வடிவில் பதில் எழுதினார். வழக்கறிஞர்களை அவதூறு செய்ததாகப் பேராசிரியர் மீது வழக்கு. குறுக்கு விசாரணையில் அவர் திணறுகிறார். ஒரு டாலர் இழப்பீடு விதிக்கப்படுகிறது. நகைச்சுவைக்கு அடியில் இருந்த கேள்விகள் கடுமையானவை. வழக்கறிஞர்கள் படிக்க வேண்டிய ஆய்வுகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இருக்க, படிக்கவில்லை என்று அவர்களைக் குறை கூறுவது சரியா? நூறு மாணவர்களின் சராசரிப் பிழை, கூண்டில் நிற்கும் இந்த ஒரு சாட்சியைப் பற்றி என்ன சொல்லும்? இரண்டாவது கேள்விக்கு இன்றும் எளிய விடை இல்லை.

ஆண் நடுவர்களும் பெண் நடுவர்களும்

வழக்குகளில் நடுவர் குழுவின் தீர்ப்பை ஆராய்ந்த இன்னொரு சோதனையில், இரு அட்டைகளில் எதில் புள்ளிகள் மிகுதி என்று மாணவர்களிடம் வாக்கெடுத்து, விவாதிக்கவிட்டு, மீண்டும் வாக்கெடுத்தார். ஆண்களில் சரியான விடை 52 விழுக்காட்டிலிருந்து 78 ஆக உயர்ந்தது. பெண்களில் 45 ஆகவே நின்றது. இதைக் கொண்டு பெண்கள் நடுவர் பணிக்கு ஏற்றவர்கள் அல்லர் என்றார். கால்கின்ஸுக்காக வாதாடியவர் புள்ளிகளை எண்ணி இம்முடிவுக்கு வந்தது வியப்பே. இவருடைய மாணவர் ஹெரால்டு பர்ட் பின்னர் வேறு வகைச் சோதனை நடத்தி இதை மறுத்தார்.

போர்க்காலமும் மறைவும்

முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மனியை ஆதரித்து எழுதினார். உளவாளி என்ற வதந்தி பரவியது, நண்பர்கள் விலகினர். இவரை நீக்காவிட்டால் ஒரு கோடி டாலர் நன்கொடையை ஹார்வர்டு இழக்கும் என்று முன்னாள் மாணவர் ஒருவர் மிரட்டினார். பல்கலைக்கழகம் இணங்கவில்லை. 1916 டிசம்பர் 16 இல் ராட்கிளிஃப் கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே மூளை இரத்தக்கசிவால் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 53. திரைப்படம் குறித்த இவரது நூல் அவ்வாண்டில்தான் வெளிவந்திருந்தது.

மாணவர்கள்

வில்லியம் மார்ஸ்டன் இவரது ஆய்வகத்தில் 1915 இல் இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் முறையைத் தொடங்கினார். ஆசிரியரிடம் இல்லாத சட்டப் பட்டத்தை 1918 இலும், முனைவர் பட்டத்தை 1921 இலும் பெற்றார். 1923 இல் ஃபிரை வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் அவரது சோதனையை ஏற்க மறுத்து, ஒரு முறை அத்துறையினரால் பரவலாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது. ஒண்டர் உமன் என்னும் படக்கதை நாயகியைப் படைத்தவரும் இவரே. ஹெரால்டு பர்ட் 1931 இல் சட்ட உளவியல் என்ற பாடநூலை எழுதினார்.

இந்தியாவுடன் தொடர்பு

ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா, 1916 இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட இந்தியாவின் முதல் உளவியல் துறைக்குப் பொறுப்பேற்றார். அத்துறையில் பயின்ற கிரீந்திரசேகர் போஸ் 1921 இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். இவ்வகையில் லைப்சிக் ஆய்வகத்தின் பயிற்சி மரபு இரு தலைமுறைகளில் இந்தியாவை அடைந்தது எனலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943 இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் தொடங்கியது.

ஐவன்ஸ் வழக்கில் எழுந்த சிக்கலுக்கு இந்தியச் சட்டம் வேறு வழியில் விடை கண்டிருந்தது. காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்று 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் இதைத் தக்கவைத்துள்ளது. பொய் கண்டறியும் கருவி, மயக்க மருந்து விசாரணை, மூளை மின்னலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரது இசைவின்றி நடத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் 2010 மே 5 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்ற இடத்தில் கிடைக்கும் பொருள்களை ஆராய விழுப்புரத்திலேயே தமிழ்நாடு அரசின் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் உள்ளது. சாட்சியின் நினைவை எடைபோடும் பணியோ, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிற இடங்களிலும், நீதிபதியின் அனுபவத்திடமும் வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையிடமுமே விடப்பட்டுள்ளது.