கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

ஈழநாடு உலகிற்கு அளித்த பெருமக்களுள் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் தனியிடம் பெற்றவர். அவர் பெயரைப் பாடநூலிற் படித்துப் பரீட்சை முடிந்ததும் மறந்தவர் நம்மிற் பலர். ஆனால் அவர் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பிய வினா மறத்தற்குரியதன்று. கீழைத்தேயத்தார் தம் அழகைத் தம் கண்கொண்டு காணல் வேண்டுமா, அன்றி மேனாட்டார் தந்த கோலால் அளந்து பார்த்து நாணுதல் வேண்டுமா என்பதே அவ்வினா. இந்துப் பண்பாட்டைப் பேணுதற்கென எழுந்த கல்லூரியின் பழைய மாணவராகிய நாம், விழாக் கொண்டாடும் இவ்வேளையில் அவர் வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமேயாம்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22 ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்திற் பெயர்த்து 1863 இல் வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் அவர் தாய்மாமன். தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்திலே கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். குழந்தை தாயுடன் இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில், பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தையார் 1879 மே 4 இல் கொழும்பிற் காலமானார். ஆதலின் தந்தையின் மொழியும் சமயமும் ஊரும் அறியாது, ஆங்கிலப் பிள்ளையாகவே ஆனந்தர் வளர்ந்தார். குளொஸ்ரர் பகுதியிலுள்ள விக்கிளிவ் கல்லூரியிற் கற்றபின், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இற் பட்டம் பெற்றார்.

அவரைத் தாய்நாட்டுக்கு மீட்டுத் தந்தது கலையன்று, கல்லே. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் தலைவராக 1903 முதல் 1906 வரை அவர் கடமையாற்றினார். தோரியனைற் எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அரிய கனிப்பொருளை இனங்கண்டவரும் அவரே. அவ்வாராய்ச்சிகளுக்காக 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்றவர், அவ்வூர்களிற் பாறையினும் அரிதாகிவிட்ட வேறொன்றைக் கண்டார். தந்தச் செதுக்கர், பித்தளை வேலையாளர், விகாரைச் சுவரில் ஓவியந் தீட்டுவோர், நெசவாளர், குயவர் ஆகிய மலைநாட்டுக் கைவினைஞரே அவர்கள். 1815 இற் கண்டி அரசு வீழ்ந்ததும் அவர்களைப் புரந்த கை மறைந்தது. சீமைத் துணியும் இயந்திரப் பொருளும் வந்து குவிந்தன. தந்தையிடமிருந்து மகன் கற்ற தொழில் பேரனைச் சென்றடையாது அறுந்துகொண்டிருந்தது.

அதனினும் அவரை வருத்தியது, கற்றோர் மனநிலை. தம் ஆடையை இழிவென்று கருதி, வெப்பநாட்டு வெயிலிற் கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, அதுவே நாகரிகமென மயங்கியோர் பலர் அக்காலத்தில் இருந்தனர். அவர்களை நோக்கி, இரவற் சிறகுகள் எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு வெளியீட்டை 1905 இல் எழுதினார். ஒத்த கருத்தினரைச் சேர்த்து இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தார். அச்சங்கத்தின் சார்பில் 1906 முதல் ஒரு சஞ்சிகையும் வெளிவந்தது. பொருத்தமற்ற ஐரோப்பிய வழக்கங்களை ஆராயாது மேற்கொள்ளுதலைத் தடுப்பதும், தாய்மொழிக் கல்வியையும் உள்ளூர்க் கலைகளையும் வளர்ப்பதும் அச்சங்கத்தார் நோக்கங்களாம். ஓலைக் கூரையை நீக்கித் தகரம் வேய்தலையும், இலை வேர் பட்டைகளாற் பெற்ற சாயத்தைக் கைவிட்டு இரசாயனச் சாயத்தை நாடுதலையும், நம் இசையின் நுண்ணிய கமகங்களைக் காட்டவியலாத ஆர்மோனியத்தைச் சபையில் ஏற்றுதலையும் அவர் கடிந்தார். இவை அற்பமானவை எனச் சிலர் எண்ணினர். ஆனால் அன்றாடம் கையாளும் பொருளிலே அழகுணர்ச்சி மழுங்குமாயின், பின்னர்க் கோயிலிலும் அஃது உயிர்த்திருத்தல் அரிது என்பது அவர் கருத்து.

இவ்விடத்து ஒன்று தெளிதல் வேண்டும். அவர் மேனாட்டை வெறுத்தவரல்லர். பெற்ற தாயின் நாட்டை அவர் எவ்வாறு வெறுப்பார்? இயந்திர நாகரிகம் மனிதனை வெறுங் கூலியாக்குகின்றது என்று இங்கிலாந்திலேயே குரலெழுப்பிய இரஸ்கின், வில்லியம் மொறிஸ் முதலியோரே அவருக்கு வழிகாட்டிகள். பிற்காலத்திற் பிளேற்றோவையும், தோமஸ் அக்குவைனசையும், எக்காட்டையும் உபநிடதங்களோடு ஒருங்குவைத்து ஆராய்ந்தார். தன் பழைய ஞானத்தை மறந்த மேற்கையும், தன் முகத்தைக் கண்டு நாணுகின்ற கிழக்கையுமே அவர் கண்டித்தார். ஆராயாது கொள்ளுதல் அடிமைத்தனம். ஆராயாது தள்ளுதலும் அறிவுடைமையன்று.

1907 இல் இங்கிலாந்துக்கு மீண்டவர், மொறிஸ் கையாண்ட அச்சியந்திரத்தையே தம் இல்லத்தில் நிறுவி, மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை 1908 இல் 425 பிரதிகளாக அச்சிட்டார். மலைநாட்டிற் கண்ட கைவினைஞர் தொழிலெல்லாம் அந்நூலில் நிலைபெற்றன. தமிழ்த் தந்தையின் மைந்தர் சிங்களக் கைவினைஞர் புகழை உலகறியச் செய்தார் என்பது, இனத்தின் பெயரால் மிகத் துன்புற்ற நம் நாட்டில் இன்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

1910 இல் இலண்டனிலே கலைச் சங்கமொன்றின் கூட்டத்தில், இந்தியப் பொருள்களிற் பேரறிவுடையவரெனப் போற்றப்பட்ட சேர் ஜோர்ஜ் பேர்ட்வூட் என்பார், இந்தியாவில் உயர்கலை என்பதே இல்லையென்று கூறியதோடு, சாவகத்துப் புத்தர் சிலையொன்றைக் கொழுப்பிட்டு அவித்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டார். ஆங்கிலக் கலைஞரும் திறனாய்வாளருமாகப் பதின்மூவர் அதனை மறுத்துத் தைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினர். அவ்வாண்டிலேயே இந்தியக் கலையை விளக்குதற்கு இந்தியா சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஹவெல், குமாரசுவாமி இருவரும் முக்கியமானவர்.

பேர்ட்வூட்டின் பிழை கண்ணின் பிழையன்று, கோலின் பிழை. கிரேக்கச் சிற்பி உடற்பயிற்சியால் முறுக்கேறிய மானிட உடலை மாதிரியாகக் கொண்டான். அதனை அளவாகக் கொண்டவர்க்கு நான்கு கைகளும் தசைநார் தோன்றாத மேனியும் குறைகளாகப்பட்டன. நம் சிற்பியோ தியானசுலோகத்தின்படி உள்ளத்திற் கண்ட வடிவத்தையே கல்லிலும் செம்பிலும் வார்த்தான். கண்ணுக்குக் கயலும், புருவத்துக்கு வில்லும், தோளுக்கு மூங்கிலும் உவமையாகக் கண்ட மரபு அவனுடையது. அவன் வடித்தது ஓர் ஆளின் சாயலன்று. ஒரு கருத்தின் வடிவம். இந்த உண்மையைக் குமாரசுவாமி நூல் நூலாக நிறுவினார். மொகலாய ஓவியத்தினின்றும் இராசபுத்திர ஓவியம் வேறானது என்பதை 1916 இல் இரு தொகுதிகளிற் காட்டினார். புத்தர் வடிவம் கிரேக்கர் கொடையே என்னும் கொள்கையை 1927 இல் மறுத்து, வடமதுரையிலே இயக்கர் சிலைகளிலிருந்து அது தோன்றியவாற்றை விளக்கினார். அவ்வாராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. எனினும் வடமதுரைச் சிற்பிகளை ஒதுக்கிவிட்டு அதுபற்றி எவரும் இன்று பேசவியலாது.

சைவர்களாகிய நமக்கு அவர் செய்த பேருதவி நடராசத் திருவுருவத்தின் விளக்கமாகும். 1912 இற் சென்னைச் சித்தாந்த தீபிகையில் வெளிவந்த அவர் கட்டுரை, திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களைச் சான்றாகக் கொண்டு, உடுக்கை படைப்பையும் அபயகரம் காத்தலையும் அனல் அழித்தலையும் ஊன்றிய பாதம் மறைத்தலையும் தூக்கிய திருவடி அருளலையும் குறிக்குமாற்றை விரித்தது. 1918 இல் நியூயோர்க்கில் நூலாக வெளிவந்தபின் மேனாட்டார் கண் திறந்தது. 2004 இல் ஜெனீவா நகருக்கு அயலிலுள்ள அணுவாராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசு அளித்த இரண்டு மீற்றர் உயரமான நடராசர் சிலை நிறுவப்பட்டபோதும், குமாரசுவாமியின் கருத்தே அங்கு பொறிக்கப்பட்டது. கல்லை ஆராய்ந்தவர் கண்ட கூத்தனை அணுவை ஆராய்வோர் போற்றுகின்றனர்.

தாம் சேர்த்த கலைச்செல்வத்தைக் கொண்டு காசியிலே நூதனசாலை அமைக்க அவர் விரும்பினார், ஆதரவு கிட்டவில்லை. முதல் மகாயுத்தத்தில், இந்தியா அடிமையாக இருக்கையில் ஆங்கிலேயர் படையிற் சேர மறுத்தார். 1917 முதல் அமெரிக்காவிலே பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பகுதியைப் பொறுப்பேற்று, முப்பதாண்டுகள் அங்கேயே தொண்டாற்றினார். அவர் சேர்த்த செல்வமும் அங்கேயே சென்றது. நம் முற்றத்தில் விளைந்ததை நாம் மதியாதபோது அயலார் களஞ்சியம் நிறைதல் இயல்பன்றோ?

அவரிடத்துக் குறையே இல்லையென யாம் கூறோம். பழைய தொழில் முறையின் அழகைக் கண்ட அளவுக்கு, அம்முறையைத் தாங்கிய சாதிக் கட்டின் கொடுமையை அவர் காணவில்லை. அன்றியும் அவர் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தமையால், எக்கைவினைஞருக்காகப் பரிந்து பேசினாரோ அவர்களுக்கு அவை எட்டாக்கனிகளாயின.

1947 ஓகஸ்ட் 15 இல் இந்தியா சுதந்திரம் பெற்றது. ஒரு வாரத்தின் பின் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்பர் கூடிய விருந்தில், தாம் இந்தியா சென்று எஞ்சிய நாளைத் தியானத்திற் கழிக்க எண்ணியிருப்பதைத் தெரிவித்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. செப்டெம்பர் 9 ஆந் திகதி பொஸ்ரனுக்கு அயலிலுள்ள நீடம் என்னும் ஊரிற் காலமானார்.

அவர் கடிந்த கழுத்துப்பட்டி இன்று பெரும்பாலும் கழன்றுவிட்டது. ஆயின் கோல் மாறிற்றா? மாந்தளிர் மேனியையும் கருங்கூந்தலையும் பாடிய சங்கச் சான்றோர் மரபில் வந்த நம் வீடுகளிலே, பெண் பார்க்கச் செல்வோர் முதலில் வினவுவது நிறத்தையே. கருமை குறையென அஞ்சி முகப்பூச்சுக்குப் பணம் இறைக்கும் பிள்ளைகள், நீலமேனித் திருமாலையும் கரிய காளியையும் கைகூப்பித் தொழுகின்றனர். குமாரசுவாமி ஆராய்ந்தது சிலையின் அழகு. அதே கோல் நம் மக்களின் முகத்தையும் அளந்துகொண்டிருக்கின்றது.

ஆதலின் பழைய மாணவர்களிடத்து யாம் வேண்டுவது பெரிதன்று. கல்லூரி நூலகத்தில் அவர் நூல்கள் தூசு படியாது இளைஞர் கையிற் புரள வழிசெய்தல் வேண்டும். ஊர்க்கோயிலின் பழைய கற்றூணை இடித்து வர்ணச் சீமெந்து பூசுமுன் ஒரு முறை சிந்தித்தல் வேண்டும். வீட்டிலே ஒரு பெண் குழந்தை, தன் நிறம் பற்றி வருந்தாது கண்ணாடிமுன் நிற்கும் நிலையை ஆக்குதல் வேண்டும். இவை செய்யின் கலாயோகிக்கு நாம் பட்ட கடனிற் சிறிதேனும் தீரும்.