சக்கரி கோப்

இங்கிலாந்து நாட்டின் ஹல் நகரில் 1881ஆம் ஆண்டு பிறந்தவர் சக்கரி கோப். இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அறுவை மருத்துவராய் விளங்கிய இவர், கடும் வயிற்றுவலியின் காரணத்தைக் காலத்தே கண்டறியும் முறைகளைத் தொகுத்து, 1921இல் ஒரு நூல் இயற்றினார். குடல்வால் அழற்சி, இரைப்பைப் புண் துளைபடுதல் முதலியவற்றில் காலம் தாழ்ப்பின் உயிர்க்கே ஊறு நேரும். நோய் இன்னதெனத் துணியுமுன் மார்பியா என்னும் மருந்தை அளித்தால், வலி அடங்கி நோயும் மறைந்துகொள்ளும் என அவர் அஞ்சினார். துணிந்தபின் அளிப்பதைத் தடுத்திலர். பின்வந்தோர் பலர் அவ்வச்சத்தையே பற்றிக்கொண்டமையால், நோயாளர் நெடுநேரம் வலியால் துடித்தனர்.

கோப் 1974இல் மறைந்தார். 1992இல் இங்கிலாந்தில் 100 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தி வெளியிட்ட ஆய்வு, வலியை முன்னரே தணித்தல் நோயறிதலைக் கெடுக்காது எனக் காட்டியது. அவர் நூலின் பிற்பதிப்புகளும் அதற்கேற்பத் திருத்தம் பெற்றன. நோயறிதலும் நோவு தணித்தலும் தம்முள் பகையல்ல. இரண்டும் மருத்துவர் கடனே.