கொழும்புத் துறைமுகத் தொழிலாளரும் ஏ. ஈ. குணசிங்கவும்

முன்னுரை

இலங்கைத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை எனக் கருதப்படுபவர் ஏ. ஈ. குணசிங்க (1891–1967). சிங்களர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் எனப் பலரும் உழைத்த கொழும்பு நகரில், இனவேறுபாடு கடந்து தொழிலாளரைத் திரட்டியவர் அவர். பின்னாளில் அவ்வொற்றுமை குலைந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான தொடர்பை அவரது வாழ்க்கையின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பொதுவாழ்வின் தொடக்கம்

கண்டியில் பிறந்த குணசிங்க, 1915இல் இளம் இலங்கையர் சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார். அவ்வாண்டு நிகழ்ந்த கலவரத்தையொட்டிச் சிறைவைக்கப்பட்டார். தலைவரி செலுத்த இயலாதோர் சாலைப்பணி செய்ய வேண்டும் என்னும் விதியை எதிர்த்து, வரி கட்ட மறுத்துத் தாமே சாலைப்பணியில் இறங்கினார். அவ்வரி பின்னர் நீக்கப்பட்டது. எளிய மக்களிடையே இதனால் பெற்ற செல்வாக்கே, 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கம் தோன்ற அடித்தளமாயிற்று எனலாம். மறு ஆண்டு நடைபெற்ற பொது வேலைநிறுத்தம் அச்சங்கத்தை நாடறியச் செய்தது.

துறைமுக வேலைநிறுத்தம்

ஐரோப்பாவுக்கும் கீழைநாடுகளுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் முதன்மையான துறைமுகமாகக் கொழும்பு விளங்கியது. அங்குச் சரக்கும் நிலக்கரியும் சுமந்தோரில் பெரும்பகுதியினர் நாட்கூலிகள். தென்னிந்தியாவிலிருந்து வந்தோரும் அவர்களுள் மிகுதி. கப்பல் வராத நாளில் கூலி இல்லை. வேலைக்கு ஆளெடுப்பது இடைத்தரகர் கையில் இருந்தது. இத்தகையோரைச் சங்கமாக்குதல் எளிதன்று. எனினும் 1927இல் ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளர் குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அக்காலத்தில் சங்கத்தின் துணைத்தலைவராக அவருடன் பணியாற்றியமை, அவ்வியக்கத்தின் பொதுத்தன்மைக்குச் சான்றாகும்.

1928இல் குணசிங்க தொழிற்கட்சியை நிறுவினார். 1929இல் கொழும்பு டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். அதே ஆண்டில் முதலாளிகள் கூட்டமைப்பு அவரது சங்கத்தை ஏற்றுக் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. இவ்வேற்பு பெரும் வெற்றியே. ஆயினும் திடீர் வேலைநிறுத்தம் என்னும் கருவியைச் சங்கத்தின் கையிலிருந்து அது பெருமளவு விலக்கியது.

பிளவு

உலகப் பொருளாதார மந்தம் வேலையின்மையைப் பெருக்கியது. 1931இல் நடைமுறைக்கு வந்த வயதுவந்தோர் வாக்குரிமை, சிங்கள வாக்காளரின் ஆதரவைத் தலைவர்களுக்கு இன்றியமையாததாக்கியது. இச்சூழலில் குணசிங்க, இந்தியத் தொழிலாளர், குறிப்பாக மலையாளிகள், உள்ளூரார் வேலையைப் பறிப்பதாகப் பரப்புரை செய்தார். நடேசய்யர் அதற்கு முன்னரே அவரைவிட்டு விலகியிருந்தார். 1933இல் வெள்ளவத்தை நூற்பாலையில் இந்தியரும் சிங்களரும் இணைந்து நடத்திய வேலைநிறுத்தத்தை, இளம் இடதுசாரிகள் தலைமைதாங்கியபோது, குணசிங்க எதிர்த்து நின்றார். தொழிலாளரின் நம்பிக்கை படிப்படியாக இடதுசாரிகளை நோக்கி நகர்ந்தது. அவரோ கொழும்பு மேயராகவும், விடுதலைக்குப் பின் அமைச்சராகவும் பதவி வகித்தார்.

முடிவுரை

குணசிங்கவின் மாற்றத்தை அவரது தனிமனிதக் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சங்கத்தின் வலிமை ஒரு தலைவரின் செல்வாக்கில் தங்கியிருந்ததால், அவர் திசைமாறியபோது தடுத்து நிறுத்தும் அமைப்பு அதனுள் இல்லை. 1927இல் அவரை நம்பிப் பணி துறந்த தென்னிந்தியத் தொழிலாளரே, சில ஆண்டுகளில் அவரால் அயலாராகச் சுட்டப்பட்டனர். அவரது பணியை மதிப்பிடும் ஆய்வுகள் அவர்களின் இழப்பையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.