சமையற்கட்டில் இரமணர்

ஞானம் பெற்றவருக்கு உலகில் ஒரு வேலையுமில்லை, அவர் கல்லைப்போல இருந்துவிடுவார் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பரீட்சையையும் உத்தியோகத்தையுமே நினைந்திருக்கும் மாணவர்க்கு இது வசதியான எண்ணம். ஞானம் வயோதிபர்க்குரியதென ஒதுக்கிவிடலாமல்லவா? இரமண மகரிஷிகளின் சரிதம் அவ்வாறு ஒதுக்க இடந்தருவதில்லை.

1879ஆம் ஆண்டு திருச்சுழியிற் பிறந்த வேங்கடராமன், மதுரையில் அமெரிக்க மிஷன் பாடசாலையிற் பயின்றவர். மிஷன் பாடசாலையிற் கற்ற என் போன்றோர்க்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி. படிப்பிலும் பார்க்க உதைபந்தாட்டத்திலேயே அவருக்கு விருப்பம் அதிகம். 1896இல், பதினாறாம் வயதில், திடீரென மரணபயம் பற்றியது. உடல் இறந்தால் இறப்பவர் யார் என உள்ளே நாடினார். அன்று விளங்கியது பின்னர் அகலவேயில்லை. ருசி பார்த்து உண்பதும், கூட்டாளிகளோடு சண்டையிடுவதும் தாமாகவே நீங்கின.

தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென வீட்டிற் கொடுத்த 5 ரூபாவில் 3 ரூபாவை எடுத்து, மிகுதி இரண்டையும் ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டு, ஓகஸ்ட் 29இல் வீட்டைவிட்டு நீங்கினார். செப்தெம்பர் 1இல் திருவண்ணாமலையை அடைந்தார். ஐந்தையும் எடுத்திருக்கலாம், வழிச்செலவுக்கு வேண்டியதற்கு மேல் அவர் மனம் செல்லவில்லை.

1898இல் அன்னை அழகம்மாள் தேடிவந்து அழுது அழைத்தார். மகனோ மௌனம் கலையாது, வினைப்படியே யாவும் நடக்குமென்னுங் கருத்தை எழுதிக் காட்டினார். ஆனால் 1914இல் அதே அன்னை காய்ச்சலாற் கிடந்தபோது, அவர் பிழைக்கவேண்டுமென அருணாசலேசுவரரை வேண்டிப் பாடினார். இது முரண்பாடென ஒரு நண்பர் என்னோடு நெடுநேரம் வாதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமக்கென ஒன்றையும் நாடாதவரின் அன்புக்குத் தடையேது? 1922 மே 19இல் அன்னை உயிர்நீத்த நாளில், ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறுகையைத் தலையிலும் வைத்து இறுதிவரை அருகிருந்தவர் அந்த மகனே. அன்னையின் சமாதியைச் சுற்றியே இன்றுள்ள ஆச்சிரமம் வளர்ந்தது.

அங்கே பல வருடகாலம் அவர் செய்த வேலை யாது? விடியுமுன் எழுந்து சமையற்கட்டிற் காய்கறி நறுக்கினார், அரைத்தார், கிண்டினார். தரையிற் சிந்திய அரிசிமணிகளையும் பொறுக்கி எடுத்தார். கடிதங்களில் வெறுமையாயிருந்த தாள்களைக் கத்தரித்துக் குறிப்புப் புத்தகமாகத் தைத்தார். பந்தியில் தம் இலைக்குச் சற்று அதிகமாகப் பரிமாறினாற் கடிந்துகொள்வார். ஒன்றிலும் ஆசையில்லாதவர் ஒரு மணி அரிசியை வீணாக்கச் சம்மதிக்கவில்லை! நாமோ ஆசைப்பட்டு வாங்கியதையே பாதியில் எறிந்துவிடுகிறோம்.

1924 யூன் மாதத்தில் ஓரிரவு திருடர் புகுந்து அவர் தொடையில் அடித்தனர். திருப்பி அடிக்கத் துடித்த சீடரை அவர் தடுத்தார். வெளிச்சம் கேட்ட திருடருக்கு விளக்குக் கொடுக்கவும் செய்தார்.

இல்லறம் விட்டுச் சந்நியாசம் பெற விரும்பி வந்தோரை அவர் பெரும்பாலும் ஊக்கியதில்லை. வீட்டையும் தொழிலையும் விடுவதால் மனம் விட்டுப் போய்விடாதென்பதே அவர் கொள்கை.

1948இன் இறுதியில் இடக்கையிற் புற்றுநோய்க் கட்டி தோன்றியது. நான்கு முறை சத்திரசிகிச்சை நடந்தும் குணமில்லை. வலியினூடும் தம்மைக் காண வருவோரைத் தடுக்க அவர் இசையவில்லை. 1950 ஏப்ரில் 14ஆந் திகதி மாலையிலும் அடியார்கள் வரிசையாக அவர் கிடந்த அறையின் வாயிலைக் கடந்து சென்றனர். அன்றிரவு ஒன்பது மணியாகுமுன் அவர் மூச்சு ஒடுங்கியது.