இதயத்தைத் தமிழில் கற்பித்த வைத்தியர்

இவ்வாண்டு அறிவியல் வகுப்பில் நாங்கள் இதயத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தோம். சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் தேய்ந்ததுதான் மிச்சம் என்று சிரித்துக் கொண்டாலும், எங்கள் மனத்தில் ஓர் ஐயம் எழாமல் இல்லை. தமிழில் படிக்கும் நாம் நாளை வைத்தியராக முடியுமா? இந்த ஐயத்திற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் ஒருவர் உண்டு. அவர் தமிழர் அல்லர், அமெரிக்கர். அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

கிரீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷனின் வைத்தியராகக் கப்பலேறி, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நம் தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறதல்லவா? அக்கடலுக்கு அப்பால், இலங்கையின் வடகோடியில் உள்ளது யாழ்ப்பாணம். அங்கே மானிப்பாய் என்னும் ஊரில் 1848 முதல் நோயாளிகளைக் கவனித்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார்.

முதலில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க வேலையைத் தேடி வெளியூர் சென்றனர். கிராமத்து ஏழைக்கு வைத்தியர் இல்லாத குறை அப்படியே இருந்தது. கிரீன் சிந்தித்தார். 1857இல் தாயகம் சென்று, 1862இல் மனைவியுடன் திரும்பி வந்தபின், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மாணவர் தம் நாட்டு உடையையும் பழக்கங்களையும் விடலாகாது என்றும் விரும்பினார்.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! அதற்காக மாணவரின் துணையோடு மொழிபெயர்ப்பில் இறங்கினார். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லையேல் வடமொழியில் தேடினார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். வேதியியல் அவர் கையில் கெமிஸ்தம் ஆயிற்று. உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது.

இதயம் ஒன்றை மட்டும் விளக்குவதற்கே எத்தனை சொற்கள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! நம் மூடிய கையளவே உள்ள இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள். உடலெங்கும் சுற்றிக் களைத்த இரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளுக்கு வருகிறது. அங்கிருந்து மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிளில் இறங்கி, நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கு ஆக்சிஜனைப் பெற்று இடது ஆரிக்கிளுக்குத் திரும்பி, ஈரிதழ் வால்வு வழியே இடது வெண்ட்ரிக்கிளை அடைகிறது. இந்த அறையின் சுவரே மிகத் தடிப்பானது. உச்சி முதல் பாதம் வரை இரத்தத்தைப் பெருந்தமனி வழியே அனுப்ப வேண்டிய பொறுப்பு இதனுடையதன்றோ! வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே வழிவிடும். அவை மூடும்போது எழும் ஓசையே நாம் கேட்கும் லப்-டப்.

பெரியவர்களின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் என்றால், நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர்! ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். இரத்தம் இவ்வாறு வட்டமாகச் சுற்றுகிறது என்று 1628இல் நூல் எழுதி நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. நீர் ஆவியாகி, மழையாகித் திரும்புவதை அவர் இதற்கு உவமை காட்டினார். பொதிகையில் பெய்து, கடலில் கலந்து, மீண்டும் மேகமாகும் நீரைக் காணும் நமக்கு இது விளங்காதா?

கிரீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கும் அவர் ஓயவில்லை. உடலுறுப்புகள் இயங்கும் விதத்தைக் கூறும் மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884இல், அவர் இறைவனடி சேர்ந்தார். தாம் தமிழருக்குப் பணி செய்த மருத்துவ ஊழியர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். மானிப்பாயில் அவர் பெயரால் ஒரு மருத்துவமனையும் உண்டு.

தோழியரே, மேற்படிப்பை நாம் ஆங்கிலத்தில் படிக்க நேரிடலாம். அதற்காக அஞ்ச வேண்டாம். தாய்மொழியில் தெளிவாகப் புரிந்ததை எம்மொழியிலும் சொல்லலாம். அந்நியர் ஒருவர் நம் மொழியைக் கற்று, நம் மக்களுக்காக உழைத்தார். நாமும் கற்ற கல்வியைப் பிறர்க்குப் பயன்படுத்துவோமாக!